பரீட்சைக்கு வந்த சொற்கள்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுத்துக்கொள்கிற மாணவனுக்குக் கவிதைகள் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு சொல் மூட்டை வந்துவிடுகிறது. ஐரனி, பாரடாக்ஸ், ஆம்பிகுவிட்டி, சிம்பல், இமேஜ், டோன், தீம். நான் பி.ஏ. படித்த காலத்தில் இவை நோட்ஸில் அகர வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஓர் உதாரணம். உதாரணமாகக் காட்டப்பட்ட வரி எந்தக் கவிதையிலிருந்து வந்ததோ அந்தக் கவிதையைத் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் எங்களில் எவருக்கும் நேரவில்லை. விளக்கத்தை ஒப்பித்தால் மார்க் கிடைத்தது.

இதை ஆங்கில வகுப்பின் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. தமிழில் புதுக்கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் எழுதுகிறவர்களில் கணிசமான பேர் இந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்கள். வராதவர்களும் வந்தவர்களிடமிருந்து சொற்களை வாங்கிக்கொண்டவர்கள். ஆகவே இந்தச் சொற்கள் எங்கே பிறந்தன, யார் எந்த நெருக்கடியில் இவற்றை உண்டாக்கினார்கள், எப்போது இவை இரண்டு வரி விளக்கங்களாகச் சுருங்கின என்ற கேள்விகள் நமக்கும் சம்பந்தப்பட்டவைதான்.

1

ஆங்கிலத்துக்கே இந்தச் சொற்கள் சொந்தமல்ல என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அணியிலக்கணம் லத்தீனில்தான் கற்றுக்கொடுக்கப்பட்டது. சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தவை. 1553இல் தாமஸ் வில்ஸன் சொல்லாட்சிக்கலையை ஆங்கிலத்திலேயே விளக்கி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் விளக்கலாம், ஆனால் பெயர்களை என்ன செய்வது என்ற பிரச்சினை அப்போதே வந்துவிட்டது.

இதற்கு இரண்டு பேர் தந்த விடைகளைத் தமிழ் வாசகன் கவனிக்க வேண்டும். ரால்ஃப் லீவர் 1573இல் வெளியிட்ட தர்க்க நூலில், இரவல் சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்தார். தர்க்கத்துக்கு 'விட்கிராஃப்ட்' என்று பெயர் வைத்தார். அறிவின் கைத்தொழில் என்று பொருள். வரையறைக்கு 'ஸேவாட்', அதாவது 'என்னவென்று சொல்'. முடிவுக்கு 'என்ட்ஸே', கடைசியாகச் சொல்வது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவன், தனக்குப் பழக்கமான இரண்டு சிறு சொற்களைச் சேர்த்துப் பார்த்தே பொருளைக் கண்டுகொள்வான் என்பது அவருடைய வாதம். தனித்தமிழ்க் கலைச்சொல் விவாதத்தை அறிந்த நமக்கு இந்த வாதம் வெகு பரிச்சயமாக ஒலிக்கும்.

1589இல் பெயர் போடாமல் வெளிவந்த ஆங்கிலக் கவிதைக்கலை நூல் ஒன்று ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியது என்று கொள்ளப்படுகிறது. லீவரைப் போல இவர் பண்டிதர்களுக்காக எழுதவில்லை. அரசவையில் பழகுகிற கனவான்களையும் சீமாட்டிகளையும் கிரேக்கப் பெயர்கள் மிரட்டிவிடக் கூடாது என்று, ஒவ்வோர் அணிக்கும் வீட்டுப் பெயர் ஒன்று வைத்தார். ஐரனிக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'வறட்டுக் கேலி' என்று சொல்லலாம். ஸர்காஸத்துக்குக் 'கசப்புக் குத்தல்'. ஹைப்பர்பொலிக்கு 'எட்டாததை எட்டுகிறவன்'. சிரித்துக்கொண்டே வலிக்கச் சொல்வதற்கு 'கமுக்கக் கிள்ளு' என்று பெயர். இந்தப் பெயர்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு சபையில் யார் யாரை எப்படிப் பேசுகிறார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

லீவரின் பெயர்களும் நிற்கவில்லை, பட்டன்ஹாமின் பெயர்களும் நிற்கவில்லை. இன்றைய மாணவன் ஐரனி என்றுதான் சொல்கிறான். பொருத்தமற்ற பெயர்கள் என்பதால் தோற்றன என்று சொல்வதற்கில்லை. பட்டன்ஹாமின் பெயர்கள் கிரேக்கப் பெயர்களைவிட நன்றாகவே விளக்குகின்றன. அந்த நாளில் பள்ளிக்குப் போனவன் எல்லோரும் லத்தீனில் இவற்றைப் படித்திருந்தான். பள்ளிக்குப் போனவன் என்பதற்கு அந்தச் சொற்களே அடையாளம். எளிய பெயர் வந்தால் அடையாளம் போய்விடும். கலைச்சொல் ஒரு பொருளைக் குறிப்பதோடு, அதை உச்சரிப்பவனின் படிப்பையும் குறிக்கிறது. இந்த இரண்டாவது வேலைதான் பல சமயம் சொல்லை உயிரோடு வைத்திருக்கிறது. கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுகிற நம்மவர்கள் இந்த இரண்டாவது வேலையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

2

அடுத்த கட்டம் பரீட்சை. இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக ஆனது வெகு தாமதமாகத்தான். 1828இல் திறக்கப்பட்ட லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் ஆங்கிலப் பேராசிரியர் இருந்தார். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அசையவில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் தோன்றியபோது இங்குள்ள மாணவன் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஆக்ஸ்ஃபோர்டு மாணவனுக்கு அந்தப் பாடம் கிடையாது. காலனி ஆட்சியின் தேவைகளே ஆங்கில இலக்கியக் கல்வியை இந்தியாவில் முந்தி உருவாக்கின என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1887இல் இது பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. சரித்திரப் பேராசிரியர் எட்வர்டு ஃப்ரீமன் எதிர்த்தார். அவருடைய ஆட்சேபணையின் சாரம்: ரசனையைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது, பரீட்சைக்குத் தகவல்கள் வேண்டும், கவிஞர்களைப் பற்றிய அரட்டைக்கு மார்க் போடுவது எப்படி? இது முட்டாள்தனமான ஆட்சேபணை அல்ல. 1890களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பிரிவு வந்தபோது ஃப்ரீமனுக்குப் பதில் சொல்வது போலப் பழைய ஆங்கிலத்தையும் மொழி வரலாற்றையும் கனமாக வைத்தார்கள். ஒலி மாற்ற விதிகளைச் சரி, தவறு என்று திருத்த முடியும்.

கேம்பிரிட்ஜ் 1917இல் வேறு வழியில் போயிற்று. மொழி வரலாற்றின் பிடி தளர்ந்த புதிய பாடத்திட்டம் அது. ஆனால் ஃப்ரீமனின் கேள்வி அப்படியே நின்றது. பரீட்சைத்தாளில் மாணவன் எதை எழுதுவான்? எதை வைத்துத் திருத்துவது? இந்த இடத்தில்தான் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் வருகிறார். தத்துவமும் உளவியலும் படித்தவர். பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, படித்துவிட்டு எழுதித் தரச் சொன்னார். வந்த பதில்களோடு பதின்மூன்று கவிதைகளை வைத்து 1929இல் அவர் வெளியிட்ட 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்' ஒருவகை நோய்க்குறி அறிக்கை. நல்ல பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்கள் சாதாரணப் பொருளையே தவறவிட்டார்கள். ஜான் டன், ஹாப்கின்ஸ், டி. எச். லாரன்ஸ் ஆகியோரின் கவிதைகளைப் பெயர் தெரியாத நிலையில் பலர் உதறித்தள்ளினார்கள்.

இந்தத் தவறுகளுக்குப் பெயர் கொடுக்கத்தான் ரிச்சர்ட்ஸுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. பொருளை நான்காகப் பிரித்தார்: சொல்லப்படும் விஷயம், அதன்மேல் உள்ள உணர்ச்சி, கேட்பவனைப் பார்த்துப் பேசுகிற டோன், நோக்கம். எந்தக் கவிதைக்கும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிற உணர்ச்சிக்கு 'ஸ்டாக் ரெஸ்பான்ஸ்' என்றார். டோன் என்ற சொல் எந்த நிலைமையில் வந்தது என்று பார்க்க வேண்டும். ஓர் அறையில் பலர் ஒரே கவிதையைப் படித்து, பேசுகிறவன் கேட்பவனை மதிக்கிறானா ஏளனம் செய்கிறானா என்பதில்கூட ஒத்துப்போகாத நிலைமை அது. நோட்ஸில் டோன் என்ற சொல் இருந்தது. அந்த அறை இல்லை.

3

அதே ஆண்டுகளில் லண்டனில் ஒரு பாங்க் குமாஸ்தா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லாய்ட்ஸ் பாங்க்கில் வேலை பார்த்தார். அங்கே இருந்தபோதுதான் 1919இல் ஹாம்லெட் பற்றிய கட்டுரையில் 'அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்' என்ற தொடரைப் பயன்படுத்தினார். 1921இல், பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர்களைப் பற்றி எழுதும்போது, சிந்தனையும் உணர்வும் ஆங்கிலக் கவிதையில் பிரிந்துபோனதைச் சொல்ல இன்னொரு தொடரைப் பயன்படுத்தினார். இரண்டும் பத்திரிகைக்கு எழுதிய மதிப்புரைகளில், ஒரு குறிப்பிட்ட அதிருப்தியை விளக்க வந்தவை. ஹாம்லெட்டின் உணர்ச்சிக்கு நாடகத்தில் நடக்கும் சம்பவங்கள் போதவில்லை என்று எலியட்டுக்குப் பட்டது. அந்தப் போதாமைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1956இல் மின்னஸோட்டாவில் பேசும்போது, தம்முடைய இத்தகைய தொடர்கள் உலகெங்கும் அடைந்த வெற்றி தமக்குக் கூச்சமாக இருப்பதாக அவரே சொல்ல நேர்ந்தது.

ரிச்சர்ட்ஸின் மாணவர் வில்லியம் எம்ப்ஸன் கணக்குப் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தவர். லாரா ரைடிங்கும் ராபர்ட் கிரேவ்ஸும் ஷேக்ஸ்பியரின் ஒரு ஸானெட்டை அச்சுக்குறிகள் வரை பிரித்துப் பார்த்து 1927இல் எழுதியதைப் படித்து, அதையே எந்தக் கவிதைக்கும் செய்யலாமே என்று தொடங்கினார். 1930இல் 'ஆம்பிகுவிட்டியின் ஏழு வகைகள்' வந்தபோது அவருக்கு வயது 24. அதுவரை ஆம்பிகுவிட்டி என்றால் எழுத்தில் உள்ள குறை. தெளிவாக எழுதத் தெரியாதவனின் பிழை. எம்ப்ஸன் அதைக் கவிதையின் பலம் ஆக்கினார்.

பாங்க்கில் ஸஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. பணம் வந்துவிட்டது, யார் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தெரியும் வரை அதில் போட்டு வைப்போம். எம்ப்ஸனுடைய ஆம்பிகுவிட்டி இந்த மாதிரிக் கணக்கு. ஒரு வரியின் பொருளை அவசரப்பட்டு ஒரு பெயரில் வரவு வைத்துவிடாமல், வாய்ப்புள்ள உரிமைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரிக்கிறார். ஒரு வித்தியாசம்: எங்கள் கணக்கை ஆடிட்டர் வருவதற்குள் தீர்த்தாக வேண்டும். கவிதையில் அது தீராமல் இருப்பதே லாபமாகலாம். எம்ப்ஸனின் ஏழு வகைகளை இன்று எவரும் வரிசையாகப் பயன்படுத்துவதில்லை. வகைகளுக்கு இடையில் கோடுகள் அவரிடமே கலங்கித்தான் இருக்கின்றன. அந்தக் கலக்கத்தில்தான் அவருடைய வாசிப்பு நடக்கிறது. வகைகளை மனப்பாடம் செய்கிறவனுக்கு எம்ப்ஸன் கிடைக்க மாட்டார்.

4

இந்தச் சொற்கள் சரக்காக மாறியது அமெரிக்காவில். லூயிஸியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை பார்த்த கிளியந்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் 1938இல் 'அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி' என்ற பாடநூலை வெளியிட்டார்கள். கவிஞனின் வாழ்க்கை வரலாறும் நீதிபோதனையும் கவிதையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வகுப்பறைக்கு எதிரான கலகம் அந்தப் புத்தகம். ஜான் கிரோ ரான்ஸம் 1941இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பு இந்தப் போக்குக்கு 'நியூ கிரிட்டிஸிஸம்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. போர் முடிந்து, 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவித்தொகையோடு சிப்பாய்கள் பெருங்கூட்டமாகக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். லத்தீன் தெரியாது, சரித்திரப் பின்னணி இல்லை. அவர்களை வைத்துக்கொண்டு நடத்தக்கூடிய பாடம் இதுவாகவே இருந்தது: ஒரு பக்கத்தில் ஒரு கவிதை, எல்லோர் கையிலும் அது, பேசுவதற்குப் பத்துப் பதினைந்து சொற்கள். இந்த முறையில் ஒரு ஜனநாயகம் இருந்தது. இதை மறந்துவிட்டு நியூ கிரிட்டிஸிஸத்தைத் திட்டுவது சுலபம்.

ஆனால் சொற்களுக்கு என்ன ஆயிற்று என்பதை ஐரனியை வைத்துப் பார்க்கலாம். கிரேக்க நகைச்சுவை நாடகத்தில் ஐரன் என்பவன் தன்னைக் குறைத்துக் காட்டி, ஜம்பக்காரனைக் கவிழ்க்கிறவன். பிறகு அது சாக்ரடீஸின் குணமாயிற்று. லத்தீன் இலக்கணக்காரர்களிடம் சொல்லுக்கு எதிரான பொருளைக் கருதும் அணியாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஷ்லெகல் அதைப் படைப்பாளி தன் படைப்பின்மேல் கொள்ளும் மனோபாவமாக விரித்தார். 1833இல் கானப் தர்ல்வால் சாஃபக்ளீஸ் பற்றி எழுதிய கட்டுரையில், பாத்திரம் அறியாததைப் பார்வையாளன் அறிந்திருக்கும் நிலைக்கு அது பெயராக வந்தது. ரிச்சர்ட்ஸ் 1924இல், ஒன்றுக்கொன்று எதிரான மன உந்துதல்கள் சேர்ந்து நிற்பதற்கு அதைப் பயன்படுத்தினார். புரூக்ஸ் 1949 கட்டுரையில், ஒரு கூற்றைச் சூழல் வளைத்துவிடுவதெல்லாம் ஐரனியே என்றார். அப்படியானால் ஐரனி இல்லாத நல்ல கவிதையே கிடையாது. ஆர். எஸ். கிரேன் 1948இலேயே ஆட்சேபித்திருந்தார்: எல்லா நல்ல கவிதையையும் ஒரே குணத்தால் விளக்கினால், ஒரு கவிதையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எப்படி? இந்த ஆட்சேபணைக்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை என்பது என் எண்ணம்.

இருபத்து நான்கு நூற்றாண்டு மனிதர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை இது. இது முழுவதும் 'சொல்வது ஒன்று, பொருள் வேறு' என்று மாணவனின் நோட்டில் வந்து சேருகிறது.

எம். எச். ஆப்ரம்ஸின் கலைச்சொல் விளக்கநூலை இதற்குப் பொறுப்பாளியாக்க மாட்டேன். நார்ட்டனும் ரஷ்டனும் 1941இல் தொகுத்ததைத் திருத்தி, 1957இல் அவர் வெளியிட்ட அந்தச் சிறு நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. சொற்களைத் தனித்தனியே நறுக்காமல், ஒன்றோடொன்று தொடர்புள்ள சொற்களைச் சிறு கட்டுரைகளில் வைத்துப் பேசுகிறவர் அவர். அதிலிருந்து நோட்ஸ் எடுத்தவர்கள் கட்டுரைகளை விட்டுவிட்டு முதல் வாக்கியங்களை மட்டும் எடுத்தார்கள்.

5

ரிச்சர்ட்ஸின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்று கேம்பிரிட்ஜில் காட்டிய அதே மனிதர், சி. கே. ஆக்டன் 1930இல் அறிமுகம் செய்த 850 சொல் 'பேஸிக் இங்கிலீஷ்' இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கி, அதைப் பரப்பச் சீனா வரை போனார். வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து தொடங்கிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஏறக்குறைய 2000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூஸிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில், வெஸ்ட் பட்டியலுக்கு வெளியே, கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைக் கணக்கிட்டுத் தந்தார். பகுத்தாய், சூழல், பொருள்கொள் என்பவற்றின் ஆங்கிலச் சொற்களெல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் 2002இல் இஸபெல் பெக்கும் தோழர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். 2010இல் வந்த காமன் கோர் பாடத்தரங்கள், பொதுக் கல்விச் சொற்கள், துறைச் சொற்கள் என்ற பிரிவைப் பள்ளி மாணவர்களின் மொழிக் கல்விக்குள் கொண்டுவந்தன.

பட்டியல்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் அந்த மொழி இல்லாத பிள்ளைக்கு, படித்தவர் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு வேளையில் இலவசமாகக் கற்றுக்கொள்வதைப் பட்டியல்தான் கொடுக்க முடியும். லத்தீன் பள்ளியின் அடையாளச் சொற்களை உடைத்து எல்லோருக்கும் பங்கு போடுவதாக அதைக் கொள்ளலாம். ஆனால் பட்டியலில் ஒரு சொல் ஏறும்போது அதன் வழக்கு முடிந்துபோனதாகத் தோற்றம் வந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக ஒரு முன்மாதிரி இருக்கிறது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1945இல் ராணுவத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியபோது, சுற்றியுள்ளவர்கள் தான் விட்டுப்போன மொழியைப் பேசவில்லை என்று உணர்ந்தார். கலாசாரம் என்ற ஒரு சொல்லே அவரை அலைக்கழித்தது. 1958 நூலுக்குப் பின்னிணைப்பாக எழுதி, இடமில்லாமல் விடப்பட்ட சொற்குறிப்புகள் வளர்ந்து 1976இல் 'கீவேர்ட்ஸ்' ஆயின. இலக்கியம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லே முன்பு படிப்பறிவைக் குறித்து, பிறகுதான் கற்பனைப் படைப்புகளைக் குறிக்கக் குறுகியது என்று அதில் காட்டுகிறார். ஒரு சொல்லின் இப்போதைய பொருள் என்ன என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பொருளால் யாருக்கு என்ன லாபம் வந்தது என்றும் கேட்டார்.

தமிழில் இந்த வேலை நடக்கவில்லை. நம்மிடம் இருப்பவை மொழிபெயர்ப்புப் பட்டியல்கள். டோனுக்குத் தொனி என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் கையில் த்வனி என்பது சொல்லாமல் உணர்த்தப்படும் பொருள். ரிச்சர்ட்ஸின் டோன், கேட்பவனிடம் பேசுகிறவன் கொள்ளும் தோரணை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டு, ஒரு கவிதையின் தொனி நன்றாக இருக்கிறது என்றால் எதைச் சொல்கிறோம்? படிமம் என்பது சிலையைக் குறித்த பழைய சொல். இமேஜுக்கு அதைக் கொண்டுவந்தபோது உறைந்து நிற்கும் ஒரு காட்சி என்ற அர்த்தமும் கூடவே வந்தது. நம் கவிதைகளில் பல, அந்த அர்த்தத்துக்கு ஏற்ப உறைந்தும் போயின. உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் இரண்டு சொற்களைத் தந்திருக்கிறது. அவற்றைச் சிம்பலுக்கு நேர் என்று பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று உரைகாரர்கள் போட்ட சண்டைக்குள் போவதில்லை. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' பத்திரிகையில் சி. சு. செல்லப்பா அலசல் முறை விமர்சனத்துக்காக வாதாடியபோது, அந்த முறைக்கு வேண்டிய சொற்களை யார் யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதைத் தொகுத்தாலே ஒரு புத்தகம் ஆகும்.

அந்தப் புத்தகம் வேண்டும். அகராதியாக அல்ல, வழக்குக் கட்டாக. படிமம், குறியீடு, தொனி, இருண்மை, முரண்நகை: ஒவ்வொன்றையும் முதலில் யார், எந்தப் படைப்பின் முன்னால் திணறி நின்று எழுதினார், யார் மறுத்தார் என்பது அதில் இருக்க வேண்டும். அதுவரை நம்மால் ஒன்று செய்ய முடியும். 'இக்கவிதையில் முரண்நகை அமைந்துள்ளது' என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும், யார் எதைக் குறைத்துச் சொல்கிறார்கள், கவிழ்கிற ஜம்பக்காரன் யார் என்று அடுத்த வாக்கியத்தைக் கேட்கலாம். அடுத்த வாக்கியம் எழுத முடியாதவர் கவிதையைப் படிக்கவில்லை.